வடகரைப் புயல் வலுவிழந்த கதை

ராயபுரம்,
புதன்கிழமை.

என் அன்புக்குரிய தம்பி எழிலனுக்கு, அண்ணன் ஜெயவேல் எழுதுவது.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஷார்ஜாவில் ஏசி அறையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணி கன்னியம்மாவும் நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் ரக்பி கழகம் மட்டும் நலமாக இல்லை. மரியாதைக்குச் சொல்ல வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் சொல்ல நீ எங்கே விட்டாய்? ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததிலிருந்து பதினான்கு முறை கூப்பிட்டேன். மூன்று முறை எடுத்தாய். மூன்று முறையும் நான் வாயைத் திறந்த உடனே டவர் இல்லை, கேட்கவில்லை என்று வைத்துவிட்டாய். எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவுகிறவனுக்கு டவர் கிடைக்கிறது, ஷார்ஜாவில் உனக்குக் கிடைக்கவில்லையாம். அதனால்தான் எதிர்வீட்டுக் கோதண்டம் தன் மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு டீ கொடு.

நம் வடகரைப் புயல் ரக்பி கழகம் இந்த வருஷம் ஆடியது பத்து ஆட்டம். எட்டில் தோல்வி. ஒன்று சமன். ஒன்றில் வெற்றி. அந்த ஒரு வெற்றிக்கு நீ உன் கம்பெனியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அன்று எதிரணி வந்த வேன் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டது. நடுவர் காத்திருந்து பார்த்துவிட்டு, அவர்கள் வராததால் நாம் வென்றதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். லட்டு கொடுப்பதாக இருந்தால் அந்த லாரி டிரைவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். கழகத்துக்குப் புயல் என்று பெயர் வைத்தவனும் நீதான். வானிலை அறிக்கையில் சொல்வார்களே, அதுபோல நம் புயலும் வலுவிழந்து, வெறும் காற்றழுத்தமாகி, திருவொற்றியூர் மைதானத்து மணலில் ஒரு தூறல்கூடப் போடாமல் கலைந்துவிட்டது.

தோற்றதற்காக நான் கோபப்படவில்லை, தம்பி. ஆறு வருஷமாக ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிறேன், தோல்வி எனக்குப் புதிதா? துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றேன். அதற்கப்புறம் எனக்கு எல்லாக் கிழமையும் ஒரே மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று தனியாகத் தெரிவதே இந்தப் பசங்களால்தான். மூட்டை தூக்குகிறவன், லேத் பட்டறைக்குப் போகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன் என்று பதினைந்து பேர் ஒன்றாகக் கைகோத்து எதிரணியை முட்டித் தள்ளுவதைப் பார்க்கும்போது எனக்கு முட்டிவலிகூடத் தெரிவதில்லை. அதை நீ கெடுத்துவிட்டாய். அதுதான் கோபம்.

நீ இங்கே இருந்தவரை நன்றாகத்தான் நடத்தினாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஏசி குழாய் போடும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்துப் போனாய், சந்தோஷம். போகிறவன் தலைவர் பதவியை இங்கே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அதையும் பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அங்கிருந்தே நடத்துகிறேன் என்று மைதானத்தின் ஓரத்தில் ஒரு மூங்கில் நடச் சொன்னாய், அதில் ஒரு போனைக் கட்டச் சொன்னாய், கீழே ஒரு ஸ்பீக்கர் வைக்கச் சொன்னாய். யாரும் இடித்துச் சாய்த்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த மூங்கில் பக்கத்திலேயே காவலுக்கு நிற்கிறேன். பக்கத்தில் நிற்பதால் எல்லாக் கண்றாவியையும் நான்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. இடைவேளையில் பசங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உன் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, வெற்றிக்குப் பசி வேண்டும், பசியோடு ஆடுங்கள் என்று பேசுவாய். பாதிப் பேர் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆட வந்தவர்கள். என்னோடு எல்லா ஆட்டத்துக்கும் வருகிற உன் அண்ணி இதைக் கேட்டுவிட்டு, "உன் தம்பி இன்னா, நடுக்கடல்ல கீற கப்பலுக்கு கரைலர்ந்து விசில் அடிச்சிகினு கீறான்" என்றாள். நான் அவளைத்தான் அடக்கினேன். இப்போது அது தப்பு என்று படுகிறது.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். அங்கிருந்து புதுச் சட்டை அனுப்பினாய். குளிர் நாட்டுக்குத் தைத்தது, முழுக்கை, கம்பளி மாதிரி தடிமன், எல்லாமே யானை அளவு. சித்திரை வெயிலில் அதைப் போட்டு ஆடி இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மீதிப் பேரின் சட்டை பின்னால் பாய் மாதிரி பறந்தது. எதிரணிக்காரன் ஓடிப் பிடிக்க வேண்டிய வேலையே இல்லை. நின்ற இடத்தில் கையை நீட்டினால் போதும், நம்ம பையன் வந்து மாட்டிக்கொள்வான். பழைய சட்டையே போதும் என்று பசங்கள் கெஞ்சியதற்கு, அணிக்கு ஒரு தோற்றம் வேண்டும் என்றாய். தோற்றம் நன்றாகத்தான் இருந்தது. தோற்றோம்.

அப்புறம் கேப்டன். சித்தார்த் தங்கமான பையன். உன் மனைவியின் தம்பி என்பதால் சொல்லவில்லை, நானே தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி. ஓரத்தில் நின்று பந்து கிடைத்தால் எண்ணூர் வரை திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். அவனை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, பத்தாம் நம்பர் கொடுத்து, எப்போது ஓடுவது, எப்போது உதைப்பது, யாருக்குக் கொடுப்பது என்று மொத்த ஆட்டத்தையும் அவன் தலையில் வைத்தாய். ஓடத் தெரிந்தவனை நிறுத்தி யோசிக்கச் சொன்னால் என்ன செய்வான்? மூங்கிலைப் பார்ப்பான். நீ என்ன சொல்கிறாய் என்று மூங்கிலைப் பார்த்தே அவனுக்குக் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது.

இது எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஹுமாயூன் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. முன்வரிசையில் அவன் குனிந்து தோள் கொடுத்தால் எட்டுப் பேர் தள்ளினாலும் நகர மாட்டான், உனக்கே தெரியும். அந்தப் பிள்ளை காசிமேட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறான். விடியற்காலையில் மீன்பிடி போட்டுகள் வரிசையாகக் கரைக்கு வரும், விட்டுவிட்டு வர முடியாது. நீ ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீடியோவில் கூட்டம் போடுவாய். இரண்டு கூட்டத்துக்கு அவன் தாமதமாக வந்தான் என்று அணியிலிருந்து எடுத்துவிட்டாய். எடுத்ததை நேரில் சொல்லவில்லை, போனில் சொல்லவில்லை, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கினாய். மீன் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, மீன் வாங்கப் போயிருந்த என்னிடம் போனை நீட்டி, "நைனா, என்னிய தூக்கிட்டாங்களா, இல்ல நெட்டு பிரச்சினையா?" என்று கேட்டான். நெட்டு பிரச்சினைதான் என்று பொய் சொன்னேன். இந்த வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்தாய்.

இப்போது கடைசி ஆட்டம். நமக்கும் தாம்பரம் பக்கத்து அணிக்கும். தோற்கிறவர்கள் முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். பசங்கள் அன்று உயிரைக் கொடுத்து ஆடினார்கள், எழிலா. நீ அனுப்பிய சட்டையோடும் ஆடினார்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நாம் பதினேழு, அவர்கள் பதினான்கு. பந்து நம்மிடம். உனக்குத் தெரியாததா, ஆனால் தெரியாமலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் ஆளுக்கு நாலடி ஓடி விழுந்து எழுந்தாலே நேரம் போய்விடும். வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் சித்தார்த் பந்தை ஓங்கி ஒரு உதை உதைத்தான். அது நேராக எதிரணியின் கடைசி ஆள் கையில் போய் விழுந்தது. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நம் ஆட்கள் ஆறு பேரைத் தாண்டி வந்து நம் கோட்டுக்குள் மண்ணில் வைத்தான். ஐந்து புள்ளி. பதினேழுக்குப் பத்தொன்பது. விசில்.

நான் மைதானத்துக்குள் ஓடினேன். சித்தார்த் முழங்காலுக்குள் தலையை வைத்து உட்கார்ந்திருந்தான். ஏன்டா உதைத்தாய் என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, "மாமாதான் ஒதைக்க சொன்னாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஷார்ஜாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லி ஆறு வருஷ உழைப்பை மண்ணில் போட்டாய். அன்று சாயங்காலம் எனக்கு நீ அனுப்பிய குரல் செய்தியையும் கேட்டேன். நீ ஒன்றுமே சொல்லவில்லையாம், பாதியிலேயே லைன் கட்டாகிவிட்டதாம். கூடப் பிறந்தவனிடமே பொய் சொல்ல எங்கே கற்றாய்?

அன்று நான் பார்த்ததை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நீ தூக்கிப்போட்ட ஹுமாயூன் லுங்கியோடு வந்து சுவர்மேல் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறான். விசில் அடித்ததும் இறங்கி வந்தான். சித்தார்த்தின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். பிறகு ஒவ்வொருவனிடமும் ஈரச் சட்டையை வாங்கி, துவைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லி, மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஒரு குத்தல் பேச்சு பேசவில்லை. நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் முகம் கழுவுகிற மாதிரி நின்று அழுதேன். தெற்குப் பக்கத்து அணி ஒன்று தங்களோடு சேரச் சொல்லி அவனுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டால் போய்விடுவான்.

ஆகவே தம்பி, நீ உடனே ராஜினாமா செய். குரூப்பிலேயே எழுது, எல்லாரும் பார்க்கட்டும். ஹுமாயூனிடம் நீயே பேசி மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள். சித்தார்த்தை ஓரத்துக்கு அனுப்பு, அவன் பாட்டுக்கு ஓடட்டும். மூங்கிலை நான் பிடுங்கிக்கொள்கிறேன். இதெல்லாம் நடக்கும்வரை நீ என்னை அண்ணா என்று கூப்பிட வேண்டாம், ஜெயவேல் சார் என்று கூப்பிடு.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவள் தம்பியைப் பற்றி எழுதியதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் மேலும் மேலும் உயர்வும் கிடைக்கட்டும், தலைவர் பதவி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மீது தீராத கோபத்தில் இருக்கும் அண்ணன்,
ஜெ. ஜெயவேல்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் சித்தார்த்தும் ஹுமாயூனும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். கன்னியம்மா டீ போட்டுக் கொடுத்தாள். உன்னை எப்படித் திட்டியிருக்கிறேன் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். கடைசி ஆட்டம் வந்ததும் சித்தார்த் தரையைப் பார்க்க ஆரம்பித்தான். ஹுமாயூன் அவனை முழங்கையால் இடித்தான்.

"நான் சொன்ன மாமா அவுரு இல்ல மாமா," என்றான் சித்தார்த்.

"பின்ன எந்த மாமா?"

"நீங்கதான்."

இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டதாம். நான் கவனிக்கவில்லை. மூங்கில் பக்கத்திலிருந்து கேட்ட ஒரே குரல் என்னுடையதுதானாம். நான் எப்போதடா உதைக்கச் சொன்னேன் என்று சண்டைக்குப் போனேன். போகும்போதே ஞாபகம் வந்துவிட்டது. எதிரணித் தடியன் ஒருவன் நம் பையனின் சட்டையைப் பின்னாலிருந்து முறுக்கிப் பிடித்திருந்தான், நடுவர் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டு ஆத்திரத்தில் "ஒதைடா அவன" என்று கத்தினேன். அவனை என்பது கடல் காற்றில் போய்விட்டது. உதை மட்டும் சித்தார்த் காதில் விழுந்தது. பெரியவர் சொல்கிறாரே என்று பந்தை உதைத்துவிட்டான். அன்று தலையைத் தூக்காததால் கேட்டது நான் என்று தெரியாமல் மாமா என்று சொல்லிவிட்டானாம், தெரிந்ததிலிருந்து நாலு நாளாக இதை என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு இருந்திருக்கிறான்.

நான் உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும். எழுதிகினு கீறியே, எழுதி முடின்னு வுட்டுட்டேன்" என்றாள்.

ஹுமாயூன் அந்த விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டானாம். வேறு எங்கேயும் போகப் போவதில்லை. துவைத்த சட்டைகளைக் கொண்டுவந்து வைத்தான், எல்லாவற்றையும் அவன் தங்கை ரூஹி அளவு பார்த்துச் சிறிதாகத் தைத்திருக்கிறாள். திரும்ப ஆடுவதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்.

"நைனா, தலைவரு போன்லயே இருக்கட்டும், பரவால்ல. நீங்க மட்டும் அந்தாண்ட கோல் கம்பத்துக்குப் பின்னால போய் நின்னுக்கங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் அண்ணி சரி என்று சொல்லிவிட்டாள்.

ஆகையால் ராஜினாமா வேண்டாம். என்னை அண்ணா என்றே கூப்பிடு. நாம் இரண்டு பேரும் தூரத்தில் இருப்பதுதான் கழகத்துக்கு நல்லது என்று பசங்கள் முடிவு செய்துவிட்டார்கள். நீ ஷார்ஜாவிலேயே இரு. நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிறேன்.