அக்காவின் மெத்தையும் எங்கள் கூடாரமும்

மழைக்குப் பயந்து நான் செய்த முன்னேற்பாடுகள் எல்லாம் மழையைவிட அதிக நாசத்தையே செய்திருக்கின்றன. என் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஜீவனஹள்ளியில் வீடு, ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை. கூட வேலை பார்த்த ஐந்து பேருடன் நந்தி மலை அடிவாரத்தில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. மிலிட்டரியில் கழித்துப்போட்ட கூடாரம் ஒன்று கிடைத்தது. மூட்டை கட்டும் பொறுப்பு என்னுடையது. (நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.)

ஆவணி மழை விடவில்லை. கறுப்பு ரெக்ஸின் வாங்கி, கூடாரம், அரிசி, ஸ்டவ் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டினேன். ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த புதுப்பெண் ருக்கு அக்காவும் அதே காலையில் தங்கவயலுக்குத் திரும்புகிறாள். அழைத்துப்போக அவள் புருஷன், எங்கள் மாமா, வந்திருந்தார். அக்காவின் புது மெத்தை நனையக் கூடாதே என்ற பாசத்தில் அதையும் ரெக்ஸினில் சுற்றினேன்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எது எதுன்னு தெரியுமாடா?" என்றாள் அக்கா.

"கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்கா!" (கண்ணைத் திறந்துகொண்டு சொல்லியிருக்கலாம்.)

அவள் மூட்டையை நானே ஜட்காவில் ஏற்றினேன்.

நந்தி அடிவாரத்தில் பேய் மழை. "பேக டென்ட் எடுப்பா!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக் கத்தினார் எங்கள் ஐவரில் மூத்தவரான பசவராஜு. பெரிய மூட்டையைப் பிரித்தேன். ரோஜாப்பூப் போட்ட மெத்தை, இரண்டு தலையணை. ஒன்றில் 'நல்வரவு' என்று பூத்தையல்.

"ஏனப்பா இது?" என்றார் பசவராஜு. கூடாரம் வேறு மூட்டையில் இருக்கும் என்று எல்லாவற்றையும் பிரித்தேன். அரிசி நனைந்தது, ஸ்டவ் நனைந்தது. அப்புறம்தான் மூளைக்கு எட்டியது: மெத்தை இங்கே என்றால், கூடாரம்...?

மறுநாள் ஈர மெத்தையோடு தங்கவயலில் போய் நின்றேன். ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர். அக்காவின் கண் வீங்கியிருந்தது.

"வாப்பா," என்றார் மாமியார். "தனிக்குடித்தனம் போக உங்கக்கா வீட்டையே சுருட்டி எடுத்தாந்துட்டா. எங்களோட இருக்க இஷ்டமில்லன்னா வாயத் திறந்து சொல்றது. கூட்டிட்டே போயிடு!"

"இல்லீங்கம்மா, அது எங்க வீடு... இல்ல, கூடாரம்... மெத்தை மலையில..." நான் விளக்க விளக்க அவர் முகம் இன்னும் கறுத்தது. அக்கா பெட்டியை எடுக்க எழுந்தேவிட்டாள்.

கல்யாணமானதிலிருந்து அம்மா எதிரில் வாயே திறக்காத மாமா அப்போது தொண்டையைச் செருமினார்.

"மெத்தை காயற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பின்னால கூடாரம் போட்டுப் படுத்துக்கறோம்மா."

மாமியார் மகனைப் பார்த்தார். பிறகு அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அக்காவின் பெட்டியைப் பழையபடி சுவரோரம் தள்ளி வைத்தார்.

மெத்தை மூன்றே நாளில் காய்ந்துவிட்டது. கூடாரம் பொங்கல் வரை நின்றது.

அடுத்த வருஷம் அக்காவுக்குப் பையன் பிறந்தான். ராஜேந்திரன் என்று பெயர் வைத்தார்கள். அதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. தலை நரைத்த பிறகும் வீட்டில் அவன் 'டென்ட்டு'தான். ஏன் அந்தப் பெயர் என்று புதிதாக வந்த மருமகள் யாராவது கேட்டால், எல்லாரும் என்னைக் கைகாட்டுவார்கள். அக்கா மட்டும் காப்பி போட எழுந்துபோய்விடுவாள்.