புதுக்கரைக்காக நான் பேசிய பேச்சு

வாதத்தில் தோற்றவனுக்கு ஓர் இரவு நித்திரை கெடும், அவ்வளவுதான். வென்றவனுக்குத்தான் வீடு மாற வேண்டி வரும். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

அப்போது எனக்கு எழுபத்தொரு வயது. (இளரத்தம். யோசனை குறைவு.) கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய மாடிக் கட்டடமொன்றின் நாலாம் மாடியில் நானும் மனைவி திலகமும் இருந்தோம். அரசாங்கத்தில் நான் பார்த்தது, வருட முடிவில் அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கதிரை, மேசை, மின்விசிறிகளை எண்ணிச் சரிபார்க்கும் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி போகவில்லை. கலியாண வீட்டில் மற்றவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். நான் பந்தியில் எத்தனை இலை என்று பார்ப்பேன்.

கொழும்புக் கோட்டைக்குப் பக்கத்தில் கடலை மணலால் நிரப்பிப் புதிதாக ஒரு குடியிருப்பு எழும்பியது. புதுக்கரை என்பது நாங்கள் வைத்த பெயர். மகள் யாழினியும் மருமகனும் அங்கே வீடு எடுத்தார்கள். ஓர் அறையை எங்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, "இனி எங்களோடை வந்து இருங்கோ" என்றாள் மகள். திலகம் அந்த நிமிடமே சேலைகளை மடிக்கத் தயார். எங்கள் கட்டடத்து லிப்ட் மாதத்தில் பாதி நாள் ஓய்வில் இருக்கும். அவளுக்கோ முழங்கால் வருத்தம். எனக்குத்தான் சம்மதமில்லை. நிரப்பிய இடத்தைக் கடல் திரும்பக் கேட்டால்? கண்ணாடிச் சுவரில் காற்று வந்து மோதினால்? எனக்கு நெஞ்சு படபடத்தால் வாசல் காவலாளிகளைத் தாண்டி எந்த வைத்தியர் உள்ளே வருவார்?

ஒரு ஞாயிறு பின்னேரம் மகள் எங்களைக் கூட்டிப் போய் இடத்தைக் காட்டினாள். அவர்கள் காட்சி பார்த்தார்கள். நான் குறைகளை எண்ணினேன். காகம் மூன்று. முருங்கைக்காய் விற்கும் கடை பூச்சியம். கோயில் பூச்சியம். புல்லில் கால் வைத்தால் விசில் ஊதும் காவலாளிகள் ஐந்து பேர். கடலைப் பார்த்தபடி குந்தியிருக்க வாங்குகள் நாற்பத்தாறு. அவற்றில் இருந்தவர்களில் நான் கதை கொடுத்தபோது திரும்பிக் கதைத்தவர் ஒருவருமில்லை.

வீட்டுக்கு வந்து, மகளும் கூட இருக்க, புட்டுக்கு முன்னால் இருந்ததும் திலகம் தொடங்கினாள். "உங்களுக்கு அங்கை என்னப்பா குறை?"

"முப்பத்தேழு குறை. சொல்லட்டோ?"

"எனக்கு வேண்டாம். சபைக்குச் சொல்லுங்கோ. சங்கத்துப் பட்டிமன்றம் வருதுதானே. நீங்கள் வெண்டா இஞ்சை இருப்பம். நான் வெண்டாப் போவம்."

எங்கள் கட்டடத்துக்கென்று ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. அதற்கு நான்தான் செயலாளர். ஆண்டு விழாவில் பட்டிமன்றம் கட்டாயம். தலைப்பைத் தெரிவு செய்பவனும் நான். ஆகவே எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கூடவே, அலுவலகத்தில் கடிதம் திருத்திய பழைய புத்தியும் பிறந்தது.

"நீர் சொல்லுறது பிழை, திலகம். ஆர் வெல்லுகினம் எண்டது முக்கியமில்லை. புதுக்கரை வாழ ஏற்றது, ஏற்றதல்ல எண்டு ரெண்டு கட்சி. எந்தக் கட்சி வெல்லுதோ அதின்படி செய்வம். அதுதான் நீதி."

"சரி. யாழினி, கேட்டனிதானே? பேந்து மாறக் கூடாது."

இங்கே சங்கத்து விதியொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம், மாமியார் மருமகள் பற்றிய தலைப்புக்கு எல்லாப் பேச்சாளரும் ஒரே கட்சியில் ஏறி நின்றுவிட்டார்கள். எதிர்க்கட்சிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. (தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது.) அன்றிலிருந்து யார் எந்தக் கட்சி என்பது மேடையிலேயே சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். அந்த விதியை எழுதியவன் நான். அதை லிப்ட் வாசலில் ஒட்டியவனும் நான். புட்டுத் தட்டுக்கு முன்னால் அது என் நினைவுக்கு வரவில்லை. திலகத்தின் நினைவுக்கு வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

விழா நாளில், கீழே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் மேடை. கணவனும் மனைவியும் மோதுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பக்கத்துக் கட்டடத்தாரும் வந்திருந்தார்கள். கதிரை நூற்றிருபது. நின்றவர்கள் வேறு. நடுவர், மூன்றாம் மாடி நளீம் ஹாஜியார். புடவைக் கடை நடத்தி ஓய்ந்தவர். யாருக்கும் மனம் நோகாமல் தீர்ப்புச் சொல்லக்கூடியவர். அவர் பிஸ்கட் டின்னைக் குலுக்கி நீட்டினார்.

என் சீட்டில் "ஏற்றது" என்றிருந்தது.

திலகம் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள். வெள்ளவத்தையை விட்டுப் போக நினைப்பவள் வெள்ளவத்தைக்காகப் பேச வேண்டும். போக மாட்டேன் என்பவன் புதுக்கரைக்காகப் பேச வேண்டும்.

"ஹாஜியார், சீட்டை மாத்த ஏலாதோ?" என்று காதோடு கேட்டேன்.

அவர் ஒலிவாங்கியில் பதில் சொன்னார். "செயலாளர் சீட்டு மாத்தக் கேக்கிறார். ஏழாவது விதிய வாசிக்கட்டா ஐயா? நீங்க எழுதினதுதானே."

சபை சிரித்தது. எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. தோற்க வேண்டும். என் கட்சி தோற்றால் என் வீடு எனக்கு. அதில் என்ன கஷ்டம்? தோற்பது எல்லோராலும் முடிந்த காரியமல்லவா?

ஆனால் அதே காரியத்தைத் திலகம் எனக்கு முன்னால் தொடங்கிவிட்டாள்.

"வெள்ளவத்தை மாதிரி ஒரு இடம் வராது" என்றாள். "றெயில் போகேக்கை அலுமாரிக்குள்ளை கோப்பையள் எல்லாம் தங்கடை பாட்டிலை கதைக்கும். வீட்டிலை இருக்கிற மனிசன் கதைக்கேல்லை எண்ட குறையே தெரியாது. உப்புக் காத்துக்கு ஜன்னல் கம்பி கறள் பிடிக்கும். அதைச் சுரண்டிறதிலை இவருக்குப் பொழுது போகும். லிப்ற் வேலை செய்யாதபடியாலை விருந்தாளியள் வராயினம். தேயிலை மிச்சம்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கட்சி அவள் கையாலேயே சரிந்துகொண்டிருந்தது. நான் அவசரமாக எழுந்தேன். திட்டம் சுலபமானது. என் முப்பத்தேழு குறைகளையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவது.

"சபையோரே, புதுக்கரையில் காகம் மூன்றுதான்" என்றேன், சோர்ந்த குரலில்.

மொட்டை மாடியில் வடகம் காயப்போடும் பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் திடுக்கிட்டு அடுத்ததற்குப் போனேன். "அங்கே முருங்கைக்காய் வாங்கக் கடையே இல்லை." ஆண்கள் பக்கமிருந்து விசில் வந்தது. குளித்துவிட்டு வந்து இருந்ததும் பையோடு சந்தைக்கு அனுப்பப்படுகிறவர்கள் அவர்கள். "அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. ஒரு வீட்டில் என்ன கறி, என்ன சண்டை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது." இதற்கு இரண்டாம் மாடிப் புது மருமகள் எழுந்து நின்று கை தட்டினாள். அவளுடைய மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எழுபத்தொரு வருடத்தில் எனக்கு யாரும் இப்படிக் கை தட்டியதில்லை. கதிரை எண்ணுகிறவனுக்கு யார் கை தட்டுவார்கள்? வீடு மறந்தது. வீட்டில் இருந்தே தீருவேன் என்ற பிடிவாதம் மறந்தது. தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒலிவாங்கியைக் கையில் எடுத்துவிட்டேன். (எடுத்தவுடன் திலகம் கதிரையில் வசதியாகச் சாய்ந்ததை யாழினி கண்டாளாம்.)

"வெள்ளவத்தையில் கடல் எங்கள் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது" என்றேன். "ஆனால் அதைத் தொட முதலில் நாலு மாடி இறங்க வேண்டும். பிறகு வாகனங்கள் பறக்கும் தெரு. பிறகு தண்டவாளம். பிறகு கருங்கல். என் மனைவி கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவள். முழங்கால் வருத்தம் வந்த பிறகு அவள் காலில் கடல்தண்ணீர் படவில்லை. அன்றைக்குப் புதுக்கரையில், யார் கையையும் பிடிக்காமல், சரிவுப் பாதையால் இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலைக்குள் நின்றாள். நான் வாங்குகளை எண்ணிக்கொண்டு இருந்தேன். நாற்பதில் எண்ணிக்கை பிசகிவிட்டது, ஏனென்றால் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். சபையோரே, எண்ணிக்கையைப் பிசக வைக்கிற இடம் வாழ ஏற்ற இடந்தான்."

இதை நான் தயாரித்து வரவில்லை. வென்றே ஆக வேண்டும் என்ற வெறியில் வாயில் வந்தது. வந்த பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. சபை எழுந்து நின்றது. திலகம் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஹாஜியார் தீர்ப்புக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. "நான் ஒருத்தரையும் நோகடிக்க மாட்டேன். ஆனா இன்டைக்கு வேற வழியில்ல. புதுக்கரை ஏற்றதுதான். ஐயாவுக்கு மிச்சம் சந்தோஷமா இரிக்கும்."

பரிசு ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அந்த நிமிடத்தில் என்னைவிட மகிழ்ச்சியான மனிதன் வெள்ளவத்தையில் இருக்கவில்லை.

யாழினி மேடைக்குக் கீழே வந்து நின்றாள். "அப்பா, நல்லாக் கதைச்சீங்கள். லொறிக்குச் சொல்லட்டே?"

போத்தல் இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது.

லிப்ட் அன்றைக்கும் ஓய்வில். படியேறும்போது மூன்றாம் மாடியில் திலகம் மூச்சு வாங்க நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையைச் சொல்லும். நீர் வேணுமெண்டுதானே தோத்தனீர்?"

"நான் எங்கையப்பா தோத்தனான்? என்ரை கட்சியெல்லோ தோத்தது."

அடுத்த மாதமே புதுக்கரைக்கு வந்துவிட்டோம். திலகம் பின்னேரங்களில் அலைக்குள் நிற்கிறாள். நான் கரையில் அவளுடைய செருப்புக்குக் காவல். குறைகளில் பெரும்பாலானவை இன்றும் அப்படியே இருக்கின்றன. வாய் திறந்து முறைப்பட மட்டும் எனக்கு உரிமையில்லை. மருமகன் அன்றைய பேச்சைக் கைபேசியில் பிடித்து வைத்திருக்கிறான். நான் முனகத் தொடங்கினால் அதைப் போட்டுவிடுவான். என் குரலே வந்து எனக்குப் பதில் சொல்லும்.

போன கிழமை சம்பலுக்கு உப்பு முதலா தேசிக்காய்ப் புளி முதலா என்று அவனோடு வாதம் வந்தது. உப்புத்தான் முதல் என்று கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டவன் எழுந்து, நிலத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டத் தொடங்கினான்.

"என்ன தம்பி செய்யிறீர்?" என்றேன்.

"மாமா வெண்டிட்டியள்தானே. சாமான் கட்டிறன்."