மன்னிப்புக் கடிதத்துக்குப் பதின்மூன்று நகல்

பெருமாட்டி கிராமம்,
12-6-1957

ஆனைகட்டி மச்சான் ஆறுச்சாமி அவர்களுக்கு, தங்கை புருஷன் அர்த்தநாரி பணிவோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் எருமையும் கன்றும் சுகம். நான் மூன்று வாரமாக என் சமையலை நானே சாப்பிட்டு வருகிறேன். அவ்விடம் நீங்களும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் கருப்பாத்தாளும் சுகமா?

எருமை கன்று போட்ட அன்றே, "எங்கண்ணனுக்குச் சீம்பால்னா உசுரு, வரச்சொல்லி ஒரு கார்டு போடுங்க" என்றாள். ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன், மச்சானுக்கு ஏனோதானோ என்று எழுதலாமா? எருமையில் தொடங்குவதா, நலம் விசாரித்துவிட்டு எருமைக்கு வருவதா என்று யோசித்து, எழுதி, கிழித்து, ஒன்பதாம் நாள் படித்துக் காட்டினால், சீம்பால் நின்று கன்று புல்லை முகர ஆரம்பித்திருந்தது. "மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதுங்க, அடுத்த பஸ்ஸுல வாரேன். அதுவரைக்கும் எங்கண்ணன் ஊடுதான்" என்று கிளம்பிவிட்டாள்.

நாலு வரிதானே என்று நினைக்காதீர்கள் மச்சான். திட்டம் போடவே ஆறு நாள் ஆயிற்று. 'அன்புள்ள' என்று தொடங்கினால், இருபது வருஷமாக இல்லாத வழக்கம், சந்தேகப்படுவாள். வெறும் 'கருப்பாத்தாளுக்கு' என்றால் சம்மன் மாதிரி இருக்கிறது. நாலாம் தடவை காகிதம் வாங்கப் போனபோது கடைக்காரர் தாவூத், "ஏனுங்க, மனசுல வந்தத மொதல்ல மளமளன்னு எழுதுங்க, பொறவு திருத்திக்கலாம்" என்றார். அப்படியே எழுதினேன், ஒரே வரியில் முடிந்துவிட்டது. மன்னிப்பு ஒரு வரியிலா? திருத்தினேன். திருத்தித் திருத்தி, பதின்மூன்றாம் நகலில் தப்பெல்லாம் எருமையுடையதாக ஆகிவிட்டது! மற்றபடி குறையே இல்லாத அந்த நகலை மை காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். கன்று தின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். அவள் இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

ஆகவே பதினாலாம் நகல் வரும்வரை அவளைச் சமாதானமாக வைத்திருக்கவும். பெரியவர்களுக்குக் கும்பிடு, சின்னவர்களுக்கு ஆசி. வரிசை மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அர்த்தநாரி

பி.கு.: மேற்படி கடிதத்தைச் சுத்த நகல் எடுத்து முடிக்கும்போது கருப்பாத்தாளே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். மேசையடியில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிப் படித்தாள். தாவூத் சொன்னபடி எழுதிய முதல் நகலில் இருந்தது இவ்வளவுதான்: 'தப்பு என்னுது, நீ வா.' "இத அன்னைக்கே போட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பனுங்களே" என்று அழுதுகொண்டே சிரித்தாள். ஆகையால் இக்கடிதம் இனித் தேவையில்லை. ஆனால் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாமல் வாய்த்துவிட்டதைக் கிழிக்க மனசு வரவில்லை; அனுப்பியிருக்கிறேன். தங்கை அங்கேயே இருப்பதாக நினைத்துப் படிக்கவும்.