ஒன்றாம் நம்பர் மெஷினை நான் தொடவே இல்லை

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் எழுதுவது. இங்கே நம் கேம் கடையில் நானும் எட்டு கம்ப்யூட்டர் மெஷின்களும் நலம். மூலையில் இருக்கும் யுபிஎஸ் மட்டும் கீச்சிடுகிறது. அது நீங்கள் இருந்தபோதே கீச்சிட்டதுதான், அதை என் தலையில் கட்ட வேண்டாம். உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று அப்பா சொன்னார். ஒரு மாதம் திரையும் கூடாது, எழுத்தும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இதைச் சித்திதான் உரக்கப் படித்துக் காட்டுவார்கள். போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். போனை எடுத்தால் எனக்கு 'ம்', 'சரி' என்ற இரண்டுதான் வரும். அந்த இரண்டை வைத்து இவ்வளவையும் சொல்ல முடியாது.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு அம்புக்குறி. நீங்கள் கிளம்பிப்போன மூன்றாம் நாள் காலை, மூன்றாம் நம்பர் மெஷின் முன்னால் யாரும் இல்லை, மௌஸ் மல்லாந்து கிடந்தது, அம்புக்குறி மட்டும் தன்பாட்டுக்கு நகர்ந்துபோய் ஒரு கோப்பைத் திறந்தது. யாரோ செருகிய பென்டிரைவில் வந்த வைரஸ். மத்தியானத்துக்குள் ஐந்து மெஷின்கள் படுத்துவிட்டன. நம்முடைய பழைய சிஸ்டத்துக்குப் புதுப்பிப்பு வருவது நின்று நாளாகிறது, புதிய பதிப்போ நம் மெஷின்களுக்கு வயதாகிவிட்டதென்று உள்ளே வர மறுக்கிறது. அதனால் உங்கள் ஒன்றாம் நம்பரைத் தவிர எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுவிட்டேன். சித்தி, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் திரும்பப் படுக்கவைத்துவிட்டு மேலே படியுங்கள்.

சித்தப்பா, கிளம்பும்போது ஷட்டருக்குக் கீழே நின்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "விட்டுட்டுப் போற மாதிரியே இருக்கணும். திரும்பி வரும்போது ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் கடையை மூடிட்டு, இடத்தை செல்போன் கவர் விக்கிறவருக்குக் குடுத்துடுவேன்" என்றீர்கள். ஒன்றும் குறையவில்லை. கேம்கள் எல்லாம் ஓடுகின்றன, முன்பைவிட நன்றாகவே ஓடுகின்றன. எப்படி என்று கேட்பீர்கள், சொல்கிறேன். கேம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அதை வேறொரு சிஸ்டத்துக்காகச் செய்கிறார்கள். லினக்ஸுக்கு அந்தப் பாஷை புரியாது. நடுவில் புரோட்டான் என்று ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொள்கிறது. கேம் தன் பாஷையில் எதையாவது கேட்டால், அதை லினக்ஸுக்குப் புரியும்படி சொல்லி வேலையை வாங்கி, பதிலைக் கேமுக்குப் புரியும்படி திருப்பித் தருகிறது. அதுமட்டுமா, ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக ஒரு பொய்வீடு கட்டிக் கொடுக்கிறது. அதற்குள் சி டிரைவ்கூட உண்டு. கேமும் தான் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக ஓடுகிறது. வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும், வாய்தான் வராது. பக்கத்தில் புரோட்டான் மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன். அது போகட்டும்.

சில்லறைச் சிக்கல்கள் வந்தது உண்மைதான். பக்கத்து சலூன்கார அண்ணன் வழக்கம்போல ஒரு ஆளுக்கு நுரை பூசிவிட்டு, அது ஊறுவதற்குள் ஒரு ரேஸ் ஓட்டிவிடலாமென்று வந்து உட்கார்ந்தார். ஊறும் நேரமென்று அவர் சொன்னாலும் பாதி முகத்தைச் சிரைத்த பிறகுதான் வந்திருக்கிறார். புது சிஸ்டத்தில் முதல்முறை கேமைத் திறந்தால், காட்சிகளுக்கு வேண்டிய குட்டிக்குட்டி நிரல்களை அது முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளும். அதுவரை திரையில் ஒரு கோடு மட்டும் எறும்பு மாதிரி ஊரும். அண்ணன் மேசையைத் தட்டினார், திரையைத் தட்டினார், பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கு?" என்றார். நான் ஒரு அட்டையில் 'பொறுக்கவும். தயாராகிறது. முதல்முறை மட்டும்தான்' என்று எழுதி நீட்டினேன். "இதை எழுதற நேரத்துல வாயால சொல்லியிருக்கலாமே!" என்றார். அதற்குள் கழுத்தில் துணி, ஒரு பக்கக் கன்னத்தில் காய்ந்த நுரையோடு அந்த ஆளே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"யோவ், பாதி மூஞ்சியோட என்னை விட்டுட்டு இங்க என்னய்யா பண்றே?"

"ஒரு நிமிஷம் சார், நாப்பத்தேழு பர்சென்ட் ஆயிடுச்சு."

"உன் பர்சென்ட்ட கொண்டுபோய் குப்பையில போடு! என் மூஞ்சி அம்பதுல நிக்குது!"

ஆனாலும் அந்தப் பாதி மூஞ்சி சார் போகவில்லை. கோடு எழுபதைத் தாண்டியதும் அவருக்கும் ஆர்வம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நூறு ஆனதும் முதல் ரேஸை அவர்தான் ஓட்டினார். இப்போது தினமும் வருகிறார், இரண்டு கன்னமும் மழித்துக்கொண்டு. ஆக, என்னால் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் கூடியிருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம்ம புயல். கதவை அறைந்து சாத்துவாரே, அந்தக் காலேஜ் பையன். அவரும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் லினக்ஸில் திறக்கவில்லை. நான் மறைக்க விரும்பவில்லை, இது ஒன்றுதான் புரோட்டானாலும் ஆகாத காரியம். யாரும் திருட்டு ஆட்டம் ஆடாமல் பார்த்துக்கொள்ள அந்தக் கேமோடு ஒரு காவல் மென்பொருள் வருகிறது. அதற்கு வீட்டின் சமையலறை, படுக்கையறை, பரண் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டுமாம். லினக்ஸ் வீட்டுக்குள் அது கால் வைக்கவே சம்மதிப்பதில்லை. இதையும் அட்டையில் எழுதினேன். புயல் அதை உரக்கப் படித்துவிட்டு, "அப்போ உன் லினக்ஸ் வேஸ்ட்டுன்னு சொல்லு தங்கச்சி" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அட்டையைப் பிடுங்கி, 'வீட்டில் குறை இல்லை. வாட்ச்மேனுக்குத்தான் வீடு பிடிக்கவில்லை' என்று எழுதினேன். கடையே சிரித்தது. எட்டாம் நம்பரில் மட்டும் ஹார்டு டிஸ்கை அழித்துப் பழைய சிஸ்டத்தையே புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். "நாலு பேரு ஒரு மெஷின்ல எப்படி ஆடறது, மடியில உக்காந்துக்கிட்டா?" என்று அவர்கள் இரண்டு நாள் முனகினார்கள். மூன்றாம் நாள், முறை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மற்ற மெஷின்களில் கால்பந்து கேமைத் திறந்தார்கள். இப்போது எட்டாம் நம்பர் காலியாகக் கிடக்கிறது.

இன்னொரு விஷயமும் கற்றுக்கொண்டேன். ஏதாவது கேம் திறக்காமல் கறுப்பாக நின்றால் பயப்பட வேண்டியதில்லை. அதன் பொய்வீட்டை அப்படியே அழித்துவிட வேண்டும். அடுத்த முறை திறக்கும்போது புரோட்டான் புது வீடு கட்டிக் கொடுத்துவிடும். ஒன்றே ஒன்று, பல கேம்களில் ஆடிச் சேமித்துவைத்த ஆட்டமும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கும். அதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு அப்புறம்தான் இடிக்க வேண்டும். அவசரத்தில் இதை மறக்கிறவர்கள் உண்டு. நான் தினமும் கடை மூடுமுன் எல்லாருடைய ஆட்டத்துக்கும் நகல் எடுத்துவிடுகிறேன். சலூன் அண்ணன் ஜெயித்த பத்தொன்பது கோப்பைகளும் மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. இந்தப் பாடத்தை எங்கே கற்றாய் என்று கேட்காதீர்கள். கற்றுக்கொண்டேன்.

உங்கள் ஒன்றாம் நம்பர் மெஷினைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதை நான் தொடவே இல்லை. மூன்று வருடமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் லாரி கேமில் ஓட்டிச் சேர்த்த கம்பெனி, அந்த இருபத்தேழு லாரிகள், நீங்களே ஓட்டும் அந்தச் சிவப்பு லாரி எல்லாம் நீங்கள் நிறுத்தின இடத்திலேயே நிற்கின்றன. மெஷின்மேல் துணி போட்டு மூடியிருக்கிறேன்.

போன வாரம் அப்பா வந்தார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "கடையைத் தலைகீழா மாத்திட்டியாமே, எல்லாரும் சொல்றாங்க" என்றார். நான் ம் என்றேன். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. அவன் வந்து பார்க்கட்டும். சரின்னா இரு. இல்லைன்னா மறுநாளே அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைக்குப் போயிடணும், நான் சொல்லி வெச்சுட்டேன்." நான் சரி என்றேன். பெட்டி மடிக்கும் இடத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். நீளமான மேசை, முப்பது பேர், எல்லாரும் பேசிக்கொண்டே மடிக்கிறார்கள். பெட்டிகூடப் பரவாயில்லை சித்தப்பா, பேச்சுதான். இங்கே மெஷின் என்னிடம் எழுத்தில் கேட்கிறது, நானும் எழுத்தில் சொல்கிறேன். எங்களுக்குள் ஒத்துப்போகிறது. என்னால் இந்தக் கடையை நடத்த முடியும். முடியும் என்று நினைக்கிறேன் என்று எழுதி, 'என்று நினைக்கிறேன்' என்பதை அடித்துவிட்டேன், சித்திக்கு அந்தக் கோடு தெரியும்.

கண்ணைக் கசக்காமல், சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொண்டு, தெளிவான பார்வையோடு வந்து சேருங்கள். சித்திக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளும்
அண்ணன் மகள்

பின்குறிப்பு: சித்தி, இது உங்களுக்கு மட்டும். உரக்கப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை இருமிக்கொள்ளுங்கள். ஒன்றாம் நம்பர் மெஷினைத்தான் நான் முதலில் தொட்டேன். லாரி கம்பெனியை ஜாக்கிரதையாகப் பென்டிரைவில் நகல் எடுத்து, லினக்ஸ் போட்டு, புது வீட்டில் திரும்ப வைத்தேன். இருபத்தேழு லாரிகளும் வந்து நின்றன. அந்தச் சந்தோஷத்தில், ஒரே நேரத்தில் இரண்டு மெஷின் முடிக்கலாமே என்று, நகல் இருந்த பென்டிரைவையே அழித்து அதையும் லினக்ஸ் போடும் பென்டிரைவாக மாற்றிவிட்டேன். மறுநாள் லாரி கேம் கறுப்பாக நின்றது. வீட்டை இடித்தேன். புது வீடு வந்தது. 'உங்கள் கம்பெனிக்குப் பெயர் என்ன?' என்று கேட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேர ஓட்டம், சித்தி. "இந்த மனுஷன் நிஜ லாரி ஓட்டியிருந்தா இந்நேரம் உலகத்தையே சுத்தி வந்திருப்பாரு" என்று நீங்கள் திட்டுவீர்களே, அதெல்லாம் போய்விட்டது. அவரிடம் இதைப் படித்துக்காட்டலாமா, வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். அவர் வர இன்னும் பத்தொன்பது நாள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஆனால் சித்தப்பா எல்லாச் சிக்னலிலும் நிற்கிறவர். நிற்காமல் ஓட்டினால் பாதி நேரம் போதும். அதுவும் ஒரு ஆளால் ஆகாது. இன்று காலை துணியை எடுத்துவிட்டு, அவருடைய கம்பெனிப் பெயரையே போட்டு, கேம் தொடக்கத்தில் இலவசமாகத் தரும் ஓட்டை லாரியில் முதல் சரக்கை ஏற்றினேன். சலூன் அண்ணன் இருந்தார், பாதி மூஞ்சி சார் இருந்தார், புயலும் மூன்று பேரும் இருந்தார்கள். எழுதுவதற்கு அட்டையை எடுத்தேன். கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்:

"இங்க யாருக்கெல்லாம் லாரி ஓட்டத் தெரியும்?"