ஸ்டெப்னி அண்ணன் எங்களை மாரத்தானுக்குக் கூட்டிப்போன கதை

யமனே நேரில் வந்து கயிற்றை வீசினாலும், "இத எடுத்துட்டுப் போங்க சாமி, ஊட்டுல இன்னொன்னு வெச்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கக்கூடிய ஒரே மனிதர் ஏற்காட்டு ஸ்டெப்னி அண்ணன்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டும் ஜீப் அவருடையது. எல்லா ஜீப்புக்கும் பின்னால் ஒரு ஸ்டெப்னி டயர் தொங்கும். அவர் ஜீப்புக்கு இரண்டு. கேட்டால், "மொத ஸ்டெப்னி பஞ்சரானா என்ன பண்ணுவீங்க?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார். அதோடு நிறுத்தியிருந்தால் பட்டப்பெயர் வந்திருக்காது. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். எது சரி என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தை எட்டிப் பார்ப்பார். சேர்வராயன் கோயில் குகைக்குள் போய் உருகி உருகி வேண்டிக்கொண்டு, திரும்பும் வழியில் மாதா கெபியிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். "அவரு வேற சோலியா இருந்தா?" என்பார். பெண் பார்க்கப் போனபோது துணைக்கு வந்த நண்பரைப் பெண் வீட்டாரிடம், "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இவரு இருக்காருங்க" என்று அறிமுகம் செய்தாராம். அதற்குப் பிறகும் அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பது அவர் மனைவிக்கே இன்னும் விளங்கவில்லை.

எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டோம். அதன்பின் லாரி கிளீனர், பரோட்டாக் கடை, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு, ஒரு வெங்காய லோடோடு ஏற்காட்டுக்கு ஏறினேன். லாரி இறங்கியது, நான் இறங்கவில்லை. ஒரு லாட்ஜ் சமையலறையில் சேர்ந்தேன். படுக்கை அரிசி மூட்டைமேல், போர்வை காலிச் சாக்கு. மார்கழிப் பனியில் அது போர்வை என்று சாக்குக்கே தெரியாது. என்னைப் பார்த்த முதல் நாளே ஸ்டெப்னி அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். அவருக்குக் குளிருமே என்று தயங்கினேன். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது.

மாரத்தான் கதை ராசாத்தி அக்காவால் வந்தது. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் மலை ஏறி ஓடிப் பழகுவதற்காக எங்கள் லாட்ஜில் வந்து தங்கியது. காலையில் அவர்கள் பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு நாகலூர் ரோட்டில் ஓடினார்கள். பின்னால் நடந்து வந்த ராசாத்தி அக்கா அத்தனை பேர் ஓடுவதைப் பார்த்ததும், பஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்து, சோற்றுத் தூக்குப்போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். ஒவ்வொருவராகத் தாண்டி, அந்தக் கூட்டத்தில் முன்னால் ஓடிய ஒரு டாக்டர் அம்மாவிடம் கேட்டார்: "ஏனுங்க, பஸ்ஸு போயிருச்சுங்களா?"

டாக்டர் அம்மாவுக்கு மூச்சு திரும்பிப் பதில் சொல்வதற்குள் அக்கா அடுத்த வளைவில் மறைந்துவிட்டார். பிறகு தேடிப் பிடித்து, சென்னையில் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மாரத்தானில், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அக்காவின் பெயரைப் பதிந்துவிட்டுப் போனார் அந்த அம்மா.

அது பழம் பறிக்கும் சீசன். ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் லேசில் லீவு தருவாரா?

"ஓடறதுக்கு லீவா? இங்க ஓடறதுக்கு ரோடு இல்லியா?" என்றார்.

"சாமி, நான் பொறந்ததுல இருந்து பஸ்ஸுக்கு ஓடிருக்கறேன், எஸ்டேட் சங்குக்கு ஓடிருக்கறேன், காட்டெருமைக்குப் பயந்து ஓடிருக்கறேன். ஒருதடவ எதுக்குமில்லாம ஓடிப் பாக்கோணுமுங்க" என்றார் அக்கா.

ரைட்டர் பேனா மூடியைக் கழற்றினார். "இந்த ஒரு வருசந்தான். அடுத்த வருசம் நான் ரிட்டயர்டு. வரப்போறவன் கருமாதிக்கே லீவு குடுக்காதவன்" என்று கையெழுத்துப் போட்டார்.

இந்த ஒருமுறை விட்டால் அக்காவுக்கு வேறு முறை கிடையாது என்று கேள்விப்பட்ட நிமிடத்தில், பயணப் பொறுப்பை ஸ்டெப்னி அண்ணன் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

அவர் அதுவரை சென்னைக்குப் போனதில்லை. போகாத ஊருக்குத்தான் தெளிவாகத் திட்டம் போடமுடியும், போய்வந்த ஊர் மனசைக் குழப்பும் என்பது அவர் கட்சி. ஜீப்பின் பானட்டில் படிந்த தூசியில் விரலால் வழியை வரைந்தார். ராத்திரிப் பனி சென்னையை அழித்துவிட்டது. கவலைப்படவில்லை. ஷெட் கூரைக்குள் நனையாமல் தப்பிய ஜீப்பின் பக்கவாட்டுக் கதவில் அதே வழி இன்னொரு முறை, ஸ்டெப்னித் திட்டமாக, வரையப்பட்டிருந்தது. அதைக் காப்பாற்ற வண்டியைக் கழுவாமல் விட்டார். அந்த மாதம் அவர் ஜீப்பில் சாய்ந்து போட்டோ எடுத்த டூரிஸ்ட்டுகள் பலரும் சட்டையில் விழுப்புரத்தை ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அடுத்து பயிற்சி. மலைக்காரிக்குச் சமவெளி பழக வேண்டும் என்று சேலத்துக்கு இறக்கி, பைபாஸை ஒட்டிய நேர் சாலையில் அக்காவை ஓடவிட்டார். அக்காவுக்கு ஏதாவது ஆனால் ஓட ஒரு ஸ்டெப்னி ஆள் வேண்டும் என்று என்னையும் ஓடவிட்டார். ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓடக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். "பழகி வெச்சுக்க கண்ணு, கெட்டா போயிரும்?" என்றார்.

கொஞ்ச தூரம் ஓடியதும் அக்கா திரும்பிக் கேட்டார்: "ஏனுங்ணா, எறக்கம் எப்ப வருமுங்க?"

"வராது அம்மிணி. சென்னை முச்சூடும் இப்பிடித்தான்."

"அப்ப நான் எங்கதானுங்க எளப்பாறறது? மேட்டுல ஓடி எறக்கத்துல எளப்பாறித்தான் எனக்குப் பழக்கம்."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து ஜீப்பில் ஏறும் சென்னைக்காரர்களிடம், "உங்கூர்ல ரோட்டு மேல பாலம் எங்கெங்க இருக்குதுங்க? எறங்கற பக்கம் நொம்ப நீளமுங்களா?" என்று விசாரித்தார். வியூ பாயிண்டைக் காட்டச் சொன்னால் மேம்பாலம் கேட்கிறாரே என்று அவர்கள் மிரண்டார்கள்.

கிளம்புவதற்கு முன்தினம் கடைசித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவரும் அக்காவும் சனிக்கிழமை காலை சேலத்திலிருந்து ரயிலில். நான் பஸ்ஸில். ஒன்று நின்றாலும் இன்னொன்று போய்ச் சேருமாம். சாமான்களும் இரண்டு பை. அக்காவின் ஆதார் அட்டை, புது ஷூ, குளுக்கோஸ் எல்லாம் என் பையில். ஜெராக்ஸ், பழைய செருப்பு, தைலம், மிச்ச குளுக்கோஸ் எல்லாம் அவர் பையில்.

"ஒரிஜினலும் ஸ்டெப்னியும் ஒண்ணாப் போகக்கூடாது. போனா ரெண்டும் ஒண்ணாத் தொலையும்" என்றார்.

அக்கா யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்ணா, ஸ்டெப்னி டயரு அதே வண்டியிலதானுங்க தொங்குது?"

அண்ணன் ஜீப்பைப் பார்த்தார். ஸ்டெப்னியைப் பார்த்தார். இன்னொரு ஸ்டெப்னியையும் பார்த்தார். "அது வேற அம்மிணி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். போனவர் திரும்பி வரும்போது ஒரு குட்டி குக்கரையும் கொண்டுவந்து என் பையில் திணித்தார். சென்னையில் சோறு கிடைக்காவிட்டால்?

சனிக்கிழமை ரயில் சரியாகப் போய்விட்டது. என் பஸ் பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு பஸ்ஸைவிட ரோட்டோரம் மேய்ந்த மாடுகள் வேகமாகப் போயின. செல் அடித்தது.

"கண்ணு, எங்க இருக்கறே?"

"பஸ்ஸுலங்ணா."

"பஸ்ஸு எங்க இருக்குது?"

"நிக்குதுங்ணா."

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஓடுகிறவர்களுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள நம்பர் தருவார்கள் அல்லவா, அதை இன்றைக்கு இருட்டுவதற்குள் நேரில் வாங்கவேண்டுமாம். நாளைக் காலையில் தரமாட்டார்களாம். நம்பர் இல்லாமல் ஓடவிடமாட்டார்களாம். ஜெராக்ஸைக் காட்டினால் ஒரிஜினல் கேட்கிறார்களாம். செல்லில் காட்டினாலும் போதுமாம். அக்காவின் செல்லில் டார்ச் லைட் மட்டும்தான் காட்டமுடியும். அண்ணனின் இரண்டு செல்லும் அதே ஜாதி.

"அம்மிணி ஒண்ணும் பேச மாட்டீங்குது சாமி. செவுத்தப் பாத்து உக்காந்துக்கிச்சு. எப்பிடியாச்சும் வந்துரு" என்றார். எல்லாவற்றுக்கும் இன்னொன்று வைத்திருந்தவர் முதல்முறையாக ஒன்றே ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒன்று என் மடியில் இருந்தது.

பஸ்ஸிலிருந்து குதித்தேன். கூடுவாஞ்சேரி ரயில்வே ஸ்டேஷன் கொஞ்ச தூரம்தான் என்றார் கண்டக்டர். கண்டக்டர்களின் கொஞ்ச தூரம் எனக்குப் புதிதல்ல. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே ஓடினேன். ஒவ்வோர் அடிக்கும் குக்கர் முதுகில் இடித்தது. மூடி தனியாகத் தாளம் போட்டது. காரிலிருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "தலைவா, மாரத்தான் நாளிக்கிப்பா!" என்றார்.

ரயிலைப் பிடித்து, இறங்கி, வழி கேட்டு நான் நம்பர் தரும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேஜைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மேஜை மட்டும் மடிக்கப்படவில்லை. மடிக்கமுடியவில்லை. அதன் முன்னால் ஸ்டெப்னி அண்ணன் நின்றிருந்தார். வரிசையில் பின்னால் வந்த எல்லோருக்கும், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டு வழிவிட்டுக் கடைசி ஆளாகி, அதற்குப்பின் மேஜைக்காரப் பெண்ணிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தாராம்.

"மழ வந்தா ஓட்டத்த நிறுத்துவீங்களா?"

"மாட்டோம் சார்."

"சரிங்க. மழ வரலீன்னா?"

"சார்..."

"ஓடற வழியில நாய் தொரத்துனா, அப்ப ஓடற வேகத்தையும் கணக்குல சேத்துக்குவீங்களா? கடலு பக்கத்துல இருக்குதே, உள்ள வந்துருச்சுன்னா எந்தப் பக்கமுங்க ஓடறது?"

அந்தப் பெண் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கையில் ஆதார் அட்டையைப் பார்த்தவுடன் ராசாத்தி அக்காவைவிட அவள்தான் அதிகம் மகிழ்ந்தாள். நம்பரைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் விடியற்காலை கடற்கரைச் சாலையில் ஒரே ஜனம். முடிகிற இடத்தில் வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டு அண்ணன் தன் பையோடு காணாமல் போனார். நான் முடிகிற இடத்தில் நின்றேன். வெயில் ஏறியபின் ராசாத்தி அக்கா வந்தார். முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. நடுவில் எங்கேயோ, சிரித்துக்கொண்டே வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியபிறகும் கொஞ்ச தூரம் சும்மா ஓடினார். யாரோ கழுத்தில் மெடல் மாட்டிவிட்டார்கள்.

"அண்ணன் எங்கடா?" என்றார் மூச்சு வாங்க. "வழியில பாத்தேன். கத்துனேன். எவன் காலயோ மடியில வெச்சுட்டு உக்காந்திருக்காரு. திரும்பவே இல்ல."

இரண்டு செல்லுக்கும் அடித்தேன். இரண்டும் எடுக்கவில்லை. வந்த வழியே தேடிப் போனோம்.

முடிகிற இடத்துக்கு ரொம்ப முன்னால், நிழலே இல்லாத ஒரு நீளமான ரோட்டில், நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தார். முக்கால்வாசிப் பேர் மூச்சு விட்டுப்போய் நிற்கிற இடம் அது. பை காலியாகிக் கிடந்தது. அக்காவுக்காகக் கொண்டுவந்த பழைய செருப்பு ஒரு குண்டு மனிதரின் காலில் பாதி நுழைந்திருந்தது. குளுக்கோஸ் ஒரு காலேஜ் பெண்ணின் கையில். தைலம் ஒரு பெரியவரின் கெண்டைக்காலில்.

"ஏனுங்ணா!" என்று அக்கா அதட்டினார். "நான் ஓடி முடிச்சு எத்தன நேரமாச்சு! நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அண்ணன் நிமிர்ந்து மெடலைப் பார்த்தார். "முடிச்சிட்டயா? நெசமாவா? இந்தப் பக்கமேதான் போனயா?"

"முடியற எடத்துல நிக்கறேன்னுதானே சொன்னீங்க?"

அண்ணன் தைலக் கையை வேட்டியில் துடைத்தார். "அங்க கைதட்ட ஊரே நிக்குது அம்மிணி. நீ முடியாம இங்க உக்காந்துட்டீன்னா, கூட ஒரு ஆளாச்சும் வேணுமில்ல?"

அக்கா காலையிலிருந்து ஓடிய கால்களை நீட்டி, அந்த நடைபாதையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப உக்காந்துக்கறேனுங்ணா" என்றார்.

அந்த வருசமே நான் ஏற்காட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். அதற்குப்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ அடுப்பு. இன்றைக்கும் ஏதோ ஓர் ஊரில் வேலை போய், பையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரம் உட்காரும்போதெல்லாம், பக்கத்தில் அந்த மனுஷர் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.