டாக்டருக்கே பரீட்சை வைத்த கேள்வி அண்ணாச்சி

ஆராய்ச்சி செய்ய வந்த டாக்டருக்கே பரீட்சை வைத்த நோயாளி, தென்காசி வட்டாரத்திலேயே கேள்வி அண்ணாச்சி ஒருவர்தான்.

பக்கவாதம் வந்தவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கலந்து பேசித்தான் ஆராய்ச்சிக்கான கேள்விகளை முடிவு செய்வது என்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். மாதம் ஒரு கூட்டம். படுக்கையில் கிடக்கும் அம்மாவின் மகன் என்ற தகுதியில் நானும் போவேன். இலஞ்சியிலிருந்து மனைவி பேச்சியம்மாளின் தோளைப் பிடித்தபடி அண்ணாச்சி வருவார். முப்பது வருடம் ஜவுளிக்கடையில் வேட்டி விரித்துக் காட்டியவர். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் விழவில்லை.

முதல் கூட்டத்தில் அந்த இளம் டாக்டர் வாசித்தார்: "நீங்களாகவே உடை உடுத்திக்கொள்வீர்களா? ஆம், இல்லை."

"எம்புட்டு நேரத்துலன்னு கேக்கலியே டாக்டர்?" என்ற அண்ணாச்சி, பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து நீட்டினார். "இடது கையைப் பின்னால வச்சுக்கிட்டு இதைக் கட்டுங்க, பாப்போம்."

டாக்டர் பேண்டுக்கு மேலேயே முயன்றார். டீ வந்து ஆறியது. வேட்டி மூன்று முறை காலடியில் விழுந்தது. கூடமே சிரித்தது.

"இப்ப ஆமான்னு போடவா, இல்லன்னு போடவா?"

கேள்வியைத் திருத்தினார்கள்.

இன்னொரு நாள், மனச்சோர்வு உண்டா என்றார்கள். "சாரல் அடிக்கு. ஊரே குத்தாலத்துல குளிக்கு. நான் சன்னலோரம் உக்காந்திருக்கேன். இதுக்குப் பேரு சோர்வா டாக்டர்?" அன்று யாரும் சிரிக்கவில்லை.

நாலாவது கூட்டத்தில் மனைவியைக் கைகாட்டினார். "இவகிட்ட ஒண்ணுமே கேக்கலியே? ஏட்டி, நீ சொல்லு."

பேச்சியம்மாள் முந்தானையைத் திருகினார். "என்னத்தச் சொல்ல? கக்கூசுக்குப் போனாக்கூடக் கதவைச் சாத்த மாட்டேன். அவுக விழுந்தா சத்தம் கேக்கணும்லா? ரெண்டு வருசமா அப்படித்தான்."

அண்ணாச்சி மனைவியையே பார்த்தார். ஒரே வீட்டில் இருந்தும் அது அவருக்குத் தெரியாது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "எழுதிக்கிடுங்க," என்றார்.

கேள்வித்தாளில் பார்த்துக்கொள்பவர்களுக்கென்று தனிப் பக்கம் சேர்ந்தது அப்படித்தான். அது அச்சாகி வருவதற்குள் மறுபடி பக்கவாதம் வந்து அண்ணாச்சி போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்குப் பேச்சியம்மாள் தனியாக வந்தார். "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்மா," என்றார் டாக்டர்.

"அவுக போனபிறகு நான் எப்படி இருக்கேன்னு கேக்க அந்தப் பக்கத்துல எடமே இல்லியே," என்றார் பேச்சியம்மாள்.

டாக்டர் தலைகுனிந்து அதையும் எழுதிக்கொண்டார். மற்ற கேள்விகளெல்லாம் ஒரு எதிர்க்கேள்வியும் இல்லாமல் பத்தே நிமிடத்தில் முடிந்தன. அவ்வளவு மோசமான கூட்டத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை.