நாய்வேளைக் காபி

அரைகுறையாகப் படித்தவர்கள் முதலில் கைவைப்பது சொந்த வீட்டில்தான். நான் கைவைத்தது எங்கள் பசுவின் வயிற்றில்.

ஆட்சி மாறி, கீழத்தஞ்சைக் கிராமங்களில் சங்கக் கொடிகள் பறக்கத் தொடங்கியிருந்த காலம். வேளாண் கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். (எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். அந்தத் திமிரும் கூடவே வந்திருந்தது.) மாடு தின்னும் செடியைப் பொறுத்துப் பாலின் கொழுப்பே மாறும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வைக்கோல் தின்றால் வெண்ணெய் வெளுத்துக் கெட்டிப்படும். பச்சை தின்றால் மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். அன்றே வைக்கோலை நிறுத்தினேன். வாய்க்கால் கரையில் தழைத்துக் கிடந்ததையெல்லாம் அறுத்து வந்தேன். அதில் பாதி நாய்வேளை என்ற வாடைக் களை. (பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது.) பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புல்லுக்குள் ஒளித்து ஊட்டினேன்.

அந்த வாரம்தான் அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தை. அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். நெல் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. கூலி முடிவாகாமல் யாரும் அரிவாளைத் தொடவில்லை. தாசில்தார் இரு தரப்பையும் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார். காபி நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பில் நிலத்துக்காரரான மிராசுதார். அவர் அதுவரை எங்கள் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

"பாலு ஒரு மாதிரி வாடை அடிக்குதே புள்ள" என்றாள் அம்மா.

"அது நல்ல கொழுப்போட வாசனைம்மா. ஒனக்குப் புரியாது."

மிராசுதார் டம்ளரை வாங்கிக்கொண்டார். அறையே அவர் வாயைப் பார்த்தது. ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. எழுந்துபோய் ஜன்னல் வழியே துப்பினார்.

அப்பாவும் எழுந்துவிட்டார். "எங்க வீட்டுக் காபின்னா தொண்டையில எறங்கலியா? பேச்சு முடிஞ்சுபோச்சு. எல்லாரும் எந்திரிங்கப்பா."

காபித் தட்டோடு வாசலில் நின்ற நான் ஓரடி பின்வாங்கினேன்.

"சத்தியமா அது இல்லய்யா" என்றார் மிராசுதார். "நீங்க ஒரு வாய் குடிங்க, அப்பறம் பேசுங்க." அப்பாவை அவர் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

அப்பா வீராப்பாக ஒரே மடக்கில் குடித்தார். உடனே அதே ஜன்னலுக்கு ஓடினார். தாசில்தார் அவருக்கு வழிவிட்டு, வாயில் வைத்திருந்த காபியோடு தானும் பின்னாலேயே போனார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, நிறுத்தத்தான் ஆளில்லை. அதன் பிறகு யாராலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பாலில் கலந்த காபியை மிராசுதார் குடித்தார், இன்னொரு டம்ளரும் கேட்டார். பொழுது சாய்வதற்குள் சங்கம் கேட்ட கூலி முடிவாகி, மறுநாள் அறுப்பும் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பசுவுக்கும்தான். (அதற்கு வைக்கோல் திரும்பக் கிடைத்தது.)

செடியின் வாடை கொழுப்பில்தான் போய் உட்காரும், வகுப்பில் சொன்னது பொய்யில்லை என்று இன்றும் வாதாடுகிறேன். பேராசிரியையாகி ஓய்வும் பெற்றாகிவிட்டது. ஆனாலும் வீட்டில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், என் மகள் ஒரு டம்ளரை என் முன்னால் நகர்த்திவைத்துச் சொல்கிறாள்: "மொதல்ல நீ குடி."